உப்பைப் பார்த்து நெருப்பென்று சொன்னவன்

டேய்,

நீ கொடுத்த உப்பு கசிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் கிளம்ப வேண்டும். நாலு நாளைக்கு முன்னால்தான் ஜாக்கெட்டை பீரோவிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினேன். அக்டோபரில் ஊருக்கு வந்த அன்று பாலிதீன் உறைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி வைத்தது. அதற்குப் பிறகு தொட மனம் வரவில்லை. இன்று காலை அதன் உள்பையில் கையை விட்டேன், விரலெல்லாம் ஈரம். தினத்தாள் கிழிசலில் நீ மடித்துத் தந்த பொட்டலம்! கனடாவின் வடக்குக் காடுகளுக்கு மேலே ஐந்து மாதம் என்னோடு பறந்து கல்லாக உலர்ந்திருந்த உப்பு, மரக்காணத்துக் காற்று பட்ட நாலாம் நாளே நீர் விட்டுக் கிடக்கிறது. டம்ளரில் போட்டு ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் போய்விட்டது. உப்பளத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு கை உப்புக்காக நான் இப்படித் தவிப்பதைப் பார்த்தால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்கத்தான் ஆசையாக இருக்கிறது.

வருடா வருடம் பாத்தியில் முதல் உப்பு வாரும் அன்று கற்பூரம் கொளுத்துவாய். ஒரு கை உப்பு வீட்டுப் பானைக்கு, ஒரு கை அம்மன் கோயிலுக்கு. நான் இந்த வேலைக்குப் போன முதல் வருடம், மூன்றாவதாக ஒரு கை எனக்கு என்று நீயாகவே ஒரு வழக்கத்தை உண்டாக்கினாய். "இத பாக்கெட்லயே வெச்சிக்கோ. கையில ஒட்டாம கலகலன்னு இருந்துச்சின்னா உனக்கு வேலை இருக்குதுன்னு அர்த்தம். பிசுபிசுன்னு ஆச்சின்னா படுத்துத் தூங்கு" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் அங்கே தினமும் காலையில் எங்கள் தலைமை அலுவலகம் காற்றில் எவ்வளவு ஈரம் என்று அறிக்கை அனுப்பும் முன்பே, நான் பையில் கையை விட்டு உன் உப்பை உருட்டிப் பார்த்துவிடுவேன். அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. விமானத்திலிருந்து தண்ணீர் கொட்டித் தீயை அணைக்கிறேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உனக்கு மட்டும் விளக்கிச் சொன்னேன். மே மாதம் முதல் செப்டம்பர் வரை, வெயில் ஏறிய மதிய நேரத்தில், ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானத்தில் தன்னந்தனியாகக் காட்டின் மேலே வகுத்த பாதையில் சுற்றி வருவேன். எங்காவது நூல் மாதிரிப் புகை கிளம்பினால் இடம், நிறம், காற்றின் திசை எல்லாவற்றையும் ரேடியோவில் சொல்ல வேண்டும். அணைப்பதற்கு வேறு ஆட்கள் வருவார்கள். நான் பார்த்துச் சொல்பவன், அவ்வளவுதான்.

"அப்போ வாட்ச்மேன்னு சொல்லு" என்றாய். அதற்குப் பிறகு என்னை நீ பைலட் என்று சொன்னதே இல்லை. டீக்கடையில் புது ஆள் யாராவது இருந்தால், "இவன் ஆகாசத்துல வாட்ச்மேனா இருக்குறான்" என்று அறிமுகப்படுத்துவாய்.

நாம் இருவரும் எதிரும் புதிருமாகப் பிழைத்தவர்கள். ஒரு நல்ல மழை வந்தால் என் காடு பிழைத்துக்கொள்ளும். அதே மழை இங்கே வந்தால் உன் பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்து போய்விடும். நான் தரையிறங்கி விமானத்தைக் கட்டிப் போடும் சாயங்காலம் உனக்கு மறுநாள் விடியற்காலை. வெயிலுக்கு முன்னால் நீ அளத்தில் இறங்கியிருப்பாய். போனை மடியில் செருகிக்கொண்டு பேசுவாய். உப்பு வாரும் பலகை தரையை உரசும் சத்தம் உன் பேச்சுக்கு நடுவே கேட்டுக்கொண்டே இருக்கும்.

"பொகை பாத்தியா?"

"இல்ல. மழை வந்துச்சா?"

"வரல. அங்க?"

"வந்தா நல்லாயிருக்கும்."

"அங்கயே பேஞ்சிக்கட்டும்பா. இங்க மட்டும் அனுப்பி வெச்சிடாத."

இதே பேச்சைத்தான் ஆறு வருடம் பேசினோம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தபோதுகூட இவ்வளவு ஒழுங்காக நாம் தினமும் பேசியதில்லை.

முதல் வருடம் நான் செய்த கூத்து நினைவிருக்கிறதா? உனக்கு எப்படி மறக்கும், சாகும்வரை அதை விற்றுத் தின்றவன் நீ. என் பாதையின் தெற்கு முனையில் ஒரு ஏரி உண்டு. கோடையில் வற்றினால் தரையெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கும். அன்று காற்று அடித்துத் தூசி கிளம்பியது. நான் பதறிப்போய், வெள்ளைப் புகை, வேகமாகப் பரவுகிறது என்று ரேடியோவில் சொல்லிவிட்டேன். ஹெலிகாப்டரில் ஆட்கள் வந்து இறங்கிப் பார்த்தால், உப்பு. அவர்கள் மரியாதைக்கு லேசாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். என் மேலதிகாரி, "தப்பில்லை, அடுத்த முறையும் சொல்" என்றார். நீ விட்டாயா?

"அளத்துல பொறந்து, அளத்துல வளந்து, உப்பைப் பாத்து நெருப்புன்னியாடா? நெருப்பில்லாம பொகையுமான்னு ஊருல கேப்பாங்க. பொகைய வெச்சவன் நீ ஒருத்தன்தான்" என்றாய். போனில் நீ மூச்சு முட்டச் சிரித்தது, பக்கத்துப் பாத்திக்காரர்களைக் கூப்பிட்டு அங்கேயே சொன்னது, அவர்கள் சிரித்தது எல்லாம் எனக்குக் கேட்டது. ஊருக்கு வந்தபோது கோட்டக்குப்பம் வரைக்கும் அந்தக் கதை போயிருந்தது.

அது என்னை உறுத்தியிருக்கிறது. உன் மேல் கோபம் இல்லை. ரோஷம்தான். மறு வருடம் அதே ஏரியின் பக்கம் வெள்ளையாக ஒன்று எழும்பியதைப் பார்த்தேன். மனசு ஒரு நொடி தயங்கியது. ஒரு சுற்று சுற்றிப் பார்த்திருக்கலாம். மிஞ்சிப்போனால் ஐந்து நிமிஷம். உப்பு எது, புகை எது என்று இந்த உலகத்தில் எனக்குத் தெரியாதா என்று ஒரு திமிர் வந்தது. நேராகப் போய்விட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது கரும்பழுப்பாக ஒரு தூண் நின்றது. ஏரிக்கரைக்கு அப்பால் தனியாக இருந்த ஒரு கிழவரின் மரவீடும், அவர் அப்பா காலத்திலிருந்து இருந்த தோப்பும் போயின. அவர் படகில் ஏறித் தப்பிவிட்டார். உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லாரும் என்னைத் தேற்றினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் உன்னிடம் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றேன். உப்பு வாரும் சத்தம் நின்றது.

"நான் சிரிப்பேன்னு பயந்துதான் சொல்லாம வுட்டியா?" என்று கேட்டாய்.

நீ வெகு நேரம் பேசாமல் இருந்தாய். உன்னோடு பழகிய காலத்தில் நீ பேசாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

"இனிமே சந்தேகம் வந்தா இன்னொரு சுத்து சுத்துடா. உப்பா இருந்தா நான் சிரிக்கிறேன். சிரிச்சா இன்னா, செத்தா பூடுவ?"

அந்த வாக்கியம்தான் என்னை அந்த வேலையில் வைத்தது. அதற்குப் பிறகு எதையும் நான் ஒரே பார்வையில் விட்டதில்லை. மூடுபனியைச் சுற்றியிருக்கிறேன், லாரி கிளப்பிய மண்ணைச் சுற்றியிருக்கிறேன், யாரோ மீன் சுட்ட அடுப்பைச் சுற்றியிருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் அதிகமாகப் பொய்ப்புகை சொல்பவன் நான்தான். அதற்காக யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஊருக்கு உபதேசம் என்பார்களே, அந்தக் கதையாகத்தான் ஆனது.

போன வருடம் பிப்ரவரி. மேலேயிருந்து பார்த்தால் நம் அளம் எப்படி இருக்கும் என்று நீ என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தாய். விமானத்துக்கு நான் இங்கே எங்கே போவது? சரி, பெருமுக்கல் மலையிலிருந்தாவது பார்க்கலாம் என்று கிளம்பினோம். பள்ளிக்கூட நாளில் ஒரே மூச்சில் ஏறிய மலை. பாதிப் படியில் நீ உட்கார்ந்துவிட்டாய். முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. செருப்பைக் கழற்றினாய், வார் இருந்த இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது.

"நாம வராத நேரத்துல மலை வளந்துடுச்சிடா" என்றாய்.

நான் சிரித்தேன். அதுதான் நான் செய்தது. நாற்பது மைலுக்கு அப்பால் கிளம்பும் நூல் புகையைப் பார்த்துச் சொல்ல எனக்குச் சம்பளம் தருகிறார்கள். நீ எனக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். நான் உன் தோளைத் தட்டி, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, அங்கிருந்தே இறங்கலாம் என்று சொல்லிவிட்டேன். மேலே போகாமலே திரும்பினோம். நீ உன் அளத்தை மேலிருந்து பார்க்கவே இல்லை.

நான் கிளம்பிப் போன பிறகு, மே மாதம் ஒரு நாள் போனில் சொன்னாய்.

"ஆஸ்பத்திரில ரத்தத்துல உப்பு ஏறியிருக்குதுன்னு சொல்றாங்கடா. அளத்துல உப்பு கம்மி, ஒடம்புல ஜாஸ்தி. சோத்துல உப்பே போடக்கூடாதாம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலம்பாங்க, நான் தெனம் அந்தக் குப்பையத்தான் துன்னுறேன்."

நானும் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்றுகூட இப்போது நினைவில்லை.

ஜூனில் உன் பெண்டாட்டி செல்வி என்னைத் தனியாகப் போனில் கூப்பிட்டாள். "அண்ணா, நீங்க கொஞ்சம் சொல்லுங்கண்ணா. கிட்னியில ஏதோ கோளாறுன்னு சொல்லி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவச் சொன்னாங்க. இந்த சீசன் முடியட்டும்னு தட்டிக் கழிக்கிறாரு" என்றாள். மறுநாளே உன்னைக் கேட்டேன். கேட்காமல் இல்லை. நீ என்ன சொன்னாய் தெரியுமா?

"அவ சும்மா பயப்படுறா. இது உப்புத் தூசிடா, பொகை இல்ல."

அந்த இடத்தில் நான் ஒரு சுற்று சுற்றியிருக்க வேண்டும். மறுநாள் கேட்டிருக்க வேண்டும். அதற்கு மறுநாளும் கேட்டிருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். யாரையாவது அனுப்பி உன்னைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்க வேண்டும். உன் வாயாலேயே நீ சொன்னதால் நம்பிவிட்டேன். எரிகிறவனிடமே போய் எரிகிறதா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதற்குப் பிறகு உன் பேச்சு குறைந்தது. பலகையின் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. ஒரு கட்டத்தில் சத்தமே இல்லை. வீட்டிலிருந்து பேசுகிறாய் என்று புரிந்தது. ஏன் வீட்டிலிருக்கிறாய் என்று கேட்டதற்கு, மழை என்றாய். ஜூலையில் மரக்காணத்தில் தினமும் காலையில் மழையா? அதையும் நம்பினேன்.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் இறங்கி, இறக்கைக்கு அடியில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நீ கூப்பிடும் அதே நேரம். திரையில் உன் பெயர். "இன்னாடா, வாட்ச்மேன் பேசுறேன், பொகையெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று எடுத்தேன். அந்தப் பக்கம் செல்வி.

மூன்று நாளில் வந்துவிடுகிறேன் என்றேன். "வாணாண்ணா. அவ்ளோ நாளு வெக்க முடியாது" என்றாள். மறுநாள் மதியம் நான் மறுபடியும் பறந்தேன். அதை உன்னிடம் மறைக்க முடியாது. முந்தின வாரம் இடி விழுந்த காடு, வேறு ஆள் இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அறைக்குள் இருக்கப் பயமாக இருந்தது. அன்று நாலு மணி நேரம் சுற்றினேன். ஒரு புகையும் இல்லை. இறங்கிய பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அது அடிக்கவில்லை.

அக்டோபரில் வந்ததிலிருந்து உன் பாத்திப் பக்கம் போகாமலே மழைக்காலத்தைக் கழித்தேன். சேறு மிதித்துப் பாத்தி கட்டும் தை மாதத்தில்கூடப் போகவில்லை. செல்விதான் இப்போது உன் பங்கையும் சேர்த்து வேலை செய்கிறாள். பத்து நாளைக்கு முன்னால், கிளம்புவதற்குள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று காலையில் போனேன். உப்பு வாரிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் வரப்பில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கையால் காலை அமுக்கிக்கொண்டாள்.

"இன்னாம்மா ஆச்சி?"

"ஒண்ணும் இல்லண்ணா. கால் கடுப்பு. நின்னுகினே இருக்கேன்ல?"

சரி என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஈசிஆரில் ஏறி, கழுவெளிப் பாலம் வரைக்கும் போயிருப்பேன். ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்த பஸ்காரன் திட்டிவிட்டுப் போனான். வண்டியைத் திருப்பினேன்.

மறுபடியும் என்னைப் பார்த்ததும் அவள் பயந்துபோனாள். "இன்னாண்ணா, எதனா மறந்து வெச்சிட்டீங்களா?"

"கால காட்டு."

"அய்யோ, ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்ல?"

"அவனும் அதத்தான் சொன்னான்."

மறுநாள் காலை இருவரும் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினோம். பொம்மையார்பாளையம் தாண்டும் வரை அவள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். நல்ல வெயில் அடிக்கிற நாள், இன்று வாராவிட்டால் நாளை வரும் ஆளுக்கு இரண்டு வேலை, புள்ளைக்குப் பரீட்சை வேறு, உங்களுக்கு வேற வேலையே இல்லையா என்று. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் வரை காத்திருக்கச் சொன்னார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் நான் எத்தனை முறை எழுந்து நடந்தேன் என்று எனக்கே தெரியாது. இன்னொரு முறை மட்டும் வேண்டாம் என்று யாரையோ கெஞ்சிக்கொண்டே நடந்தேன். உன்னைத்தான் கெஞ்சியிருப்பேன்.

டாக்டர் பெண் சின்ன வயசு. காகிதத்தைப் பார்த்தார். "உப்பு, சக்கரை, பிரஷர் எல்லாம் நார்மலா இருக்குதுங்க. வெயில்ல வேலை செய்யிறீங்க, தண்ணி நெறைய குடிங்க. கால் வலிக்குத் தைலம் தடவுங்க, போதும்" என்றார். நான் இரண்டாம் முறை கேட்டேன். மூன்றாம் முறையும் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வெளியே வந்து எதிர்க் கடையில் டீ வாங்கினோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு செல்வி திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "தைலம் வாங்கப் புதுச்சேரி வரைக்கும் இஸ்துகினு வந்தீங்களாண்ணா? அவரு மட்டும் இருந்திருந்தாருன்னா..." என்றாள். மிச்சத்தைச் சொல்ல முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டீக்கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், ஆஸ்பத்திரி வாசலில் கடை வைத்தவருக்கு இதெல்லாம் பழகியிருக்கும்.

நேற்று வீட்டுக்கு வந்து ஒரு பொட்டலம் கொடுத்தாள். இந்த வருடத்து முதல் உப்பு. நான் கேட்கவில்லை. மூன்றாவது கையை அவளாகவே எடுத்து வைத்திருக்கிறாள். உன்னை மாதிரி தினத்தாளில் மடிக்கவில்லை, பாலிதீன் கவரில் போட்டு இரண்டு முடிச்சு போட்டிருக்கிறாள். உன்னைவிட விவரமானவள் என்பது தெரிந்த விஷயம்தானே.

டம்ளரில் மிஞ்சிய உன் உப்பை இன்று வெயிலில் காய வைத்து, அதே கவரில் சேர்த்துவிடப் போகிறேன். அடுத்த வாரம் இரண்டும் ஒன்றாக என் உள்பையில் ஏறும். அங்கே சாயங்காலம் இறங்கியதும் செல்விக்குப் போன் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன். நல்லாயிருக்கேன் என்பாள். இன்னொரு தடவை கேட்பேன்.

டேய், நான் மறுபடியும் உப்பைப் பார்த்து நெருப்பு என்று சொல்லிவிட்டேன். ஒரு ஆளை வேலையை விட்டு இழுத்துக்கொண்டு போய், ஊசி குத்த வைத்து, ஒன்றுமே இல்லை என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். கோட்டக்குப்பம் வரைக்கும் சொல்லிச் சிரிக்க வேண்டிய கதை. சொல்ல ஆள் இல்லாமல் கிடக்கிறது.

சிரிடா. வந்து சிரி.